ஏஸ் ஜோடியும் பதினொன்றாவது ஆளும்

1

இந்தக் கதை என் சிநேகிதி லொரேட்டாவின் கோபத்திலிருந்து பிறந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், ரீனோ நகரில் ஒரு மதியப் போக்கர் சீட்டாட்டப் போட்டியில், அவள் கைக்கு இரண்டு ஏஸ் வந்தது; அதைவிட நல்ல ஜோடி கிடையாது. அதை எழுதித் தொலைக்கலாம் என்று உட்கார்ந்தேன். இது ஆறாவது தொடக்கம்.

"லொரேட்டாவின் விரல்கள் நடுங்கி..." வேண்டாம். அவளுக்கு மூட்டுவலி, விரல் எப்போதும்தான் நடுங்கும்.

2

விதியைச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் முழுக்க அதில்தான். பந்தயச் சில்லு தீர்ந்தவர் வெளியே, பத்துப் பேர் மிஞ்சும்வரை ஆட்டம். அந்தப் பத்துப் பேருக்கும் லாஸ் வேகாஸ் பெரிய போட்டியில் ஆளுக்கொரு இடம். முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் ஒரே பரிசு. பதினொன்றாவது ஆளுக்கு ஒன்றுமில்லை. லொரேட்டா பத்தொன்பது வருஷமாக அந்த இடத்துக்கு ஏங்குகிறவள்.

மிச்சம் பதினோரு பேர். அவளிடம் சில்லுகள் ஏராளம். பக்கத்து நாற்காலிக் கிழவர் கிளைடிடம் இரண்டே இரண்டு, அடுத்த சுற்றில் அவர் காலி. அவள் சும்மா இருந்தாலே போதும். அப்போது அவளைவிட அதிகம் வைத்திருந்த ஒரு முரடன் (இது பொய், பிறகு திருத்துகிறேன்) அத்தனையையும் நடுவில் தள்ளி "ஆல்-இன்" என்றான். எதிர்த்து ஆடினால் அவளும் தன்னுடையது முழுவதையும் போட வேண்டும்.

3

"நீயும் போடு லொரேட்டா," என்றார் கிளைட். "தோத்தா ராத்திரிச் சாப்பாடு என் செலவு."

(அவள் தோற்றால் அவருக்கு வேகாஸ்.)

"கிளைட், சீட்டைக் கவுத்து ஒதுங்கினவங்க பேசக்கூடாது," என்றாள் சீட்டுப் போடுகிற பெண்.

"பேசல தாயி, ஜெபம் பண்றேன்."

4

அவளைச் சீட்டைக் கவிழ்க்க வைக்கத்தான் எனக்கு ஆசை. ஜெயித்தால் கூடுதலாக ஒன்றும் கிடையாது. தோற்றால் எல்லாம் போச்சு. ஏஸ் ஜோடியும் ஐந்தில் ஒரு தடவை தோற்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் இவள் யோசிக்கிறாள். போதாததற்கு, நேற்று இதுவரை படித்துவிட்டு நிஜ லொரேட்டாவே சண்டைக்கு வந்தாள்.

"கவுத்தேன்னு எழுதினா என்னைக் கோழைம்பாங்க."

"சரி, போட்டேன்னு எழுதறேன்."

"அப்ப முட்டாள்ம்பாங்கடி."

"நெசமா என்ன பண்ணினியோ அதை எழுதட்டா?"

"அதை நீ பேசாத, மேவிஸ். அவ்வளவு சில்லை வச்சுக்கிட்டு என் மேல ஏன் தள்ளின?"

5

ஆமாம், முரடன் யாரும் இல்லை. தள்ளியது நான்தான். புத்தியுள்ள யாரும் எதிர்த்து வரமாட்டார்கள் என்ற தைரியம். லொரேட்டா கையில் ஏஸ் இருக்கும் என்று யார் கண்டது? என் கையில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். அன்று அவளுக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரிய வேண்டாம்.

இரண்டு முடிவும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். முடிவெடுக்க முப்பது நொடிதான் கொடுத்திருக்கிறார்கள். கிளைட் கண்ணை மூடியிருக்கிறார். ஏஸ் இரண்டும் இப்போது உங்கள் கையில். போடுங்கள், இல்லை கவிழ்த்துவிடுங்கள். எதைச் செய்தாலும் அவள் திட்டப்போவது என்னைத்தான்.