காத்தாயியின் மூன்று பெட்டி

விராலிமலை ரோட்டோரத்தில் ஜல்லி உடைத்த பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் காண்ட்ராக்டர் ஆண்டியப்பன் டீக்கடைக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் ஆளுக்கொரு கூடை ஜல்லியை அள்ளிக் காத்தாயியின் குவியலில் கொட்டிவிடுவார்கள். காத்தாயிக்கு இடதுகை விரல்கள் எப்போதோ சுத்தியலில் நசுங்கிப்போனவை. கல்லை இறுக்கிப் பிடிக்க வராது. நாள் முழுக்கத் தட்டினாலும் ஒரு பெட்டிதான் தேறும். மற்றவர்களுக்கு இரண்டு. பெட்டி என்பது அடியில்லாத மரச்சட்டம். அதில் அளந்துதான் கூலி. கூடை கொட்டுவதைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதில்லை. காத்தாயி நன்றி சொன்னதும் இல்லை. சொல்லியிருந்தால் கொட்டினவர்களுக்குக் கோபம் வந்திருக்கும்.

காத்தாயிக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பயம் மட்டும் ஒன்று இருந்தது. "மலைக்கோயில் படியில என்னையத் தட்டேந்த வச்சிராத முருகா" என்று தினமும் காலையில் சுத்தியலைத் தொட்டுச் சொல்லுவாள்.

வெள்ளைக்காரன் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவூர் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மைக்கேல்சாமி வாத்தியார் பேப்பர் செய்தியைச் சொன்னார். கல்லுடைக்கிறவர்களுக்கும் சர்க்கார் தினக்கூலி நிர்ணயித்துவிட்டதாம். அதற்குக் கீழே எவரும் கொடுக்கக் கூடாதாம். பழைய கூலியைப் போல ஒன்றரை மடங்கு. கேட்டுக்கொண்டிருந்த அடைக்கலமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜல்லிக்காரிகளில் அவள்தான் கையிலும் வாயிலும் வேகக்காரி.

"அக்கா, இனிமே ஒனக்கும் எனக்கும் ஒரே கூலி. பெட்டியாவது மண்ணாவது" என்று மறுநாள் காத்தாயியிடம் சொன்னாள். காத்தாயி நம்பாமல் சிரித்தாள்.

ஆண்டியப்பனைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சொல்லுகிற எனக்கு வேலை மிச்சம். அவர் அப்படியும் இல்லை. மேரி போய் அவரிடம் சர்க்கார் கூலியைக் கேட்டாள்.

"சட்டம்னா குடுத்துத்தான் ஆகணும். ஆனா ரோட்டாபீசுல எனக்குப் பழைய ரேட்டுதான். கூலி ஏறுனா ஜல்லியும் ஏறணும்ல. ஒரு ஆளு ஒரு நாளைக்கு எவ்வளவு ஒடைக்க முடியும்னு நாளைக்குப் பாத்துக்கிறேன்" என்றார்.

இங்கேதான் ஜல்லிக்காரிகள் கோட்டைவிட்டார்கள். வேறு ஆட்களாக இருந்தால் மறுநாள் கையை மெல்ல ஓட்டியிருப்பார்கள். இவர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தக் கூலிக்கு இதுக தகுமான்னு பாக்குறாரு. காட்டிருவோம்" என்றாள் மேரி.

விடியுமுன்பே வந்து உட்கார்ந்தார்கள். கஞ்சி குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஆண்டியப்பன் டீக்கடைக்குக் கிளம்பினார். இன்றைக்குப் பார்த்துக் காத்தாயி குறைந்து நின்றால் அவளைக் கழித்துவிடுவாரே என்று எல்லோருக்கும் ஒரே பதற்றம். ஒரு கூடை கொட்டுகிறவர்கள் மூன்று நான்கு என்று கொட்டினார்கள். மேரி எத்தனை கொட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆண்டியப்பன் வந்து அளந்தார். ஒவ்வொருத்திக்கும் இரண்டரைப் பெட்டிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ வந்தது. காத்தாயிக்கு மூன்று பெட்டி நிறைந்து மேலே சிந்தியது.

அவர் காத்தாயியின் கையைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார்.

"வெரல் நசுங்குன பொம்பளையே மூணு பெட்டி ஒடைக்கிறா. இத்தன நாளா என்னைய ஏமாத்திருக்கீங்க." கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது. "நாளையிலேருந்து ஆளுக்கு மூணு பெட்டி. சர்க்கார் கூலிய முழுசா வாங்கிக்கங்க. மூணு வராதவங்க மறுநாள் வரவேணாம்."

மேரி வாயைத் திறந்தாள். அது நாங்கள் கொட்டியது என்று சொல்லிவிடலாம். சொன்னால் காத்தாயி இந்த நிமிஷமே வெளியே. சொல்லாவிட்டால் எல்லோர் தலையிலும் மூன்று பெட்டி. காத்தாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேரி திறந்த வாயை மூடிக்கொண்டாள். பாவம் என்று அள்ளிக் கொட்டியதற்கா இது என்று நினைத்தாள்.

மறுநாள் யாரும் தலை நிமிரவில்லை. பொழுது சாய்ந்து ஆண்டியப்பன் டீக்கடைக்குப் போன பிறகும் ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை. அவரவர் மூன்றாம் பெட்டிக்கே ஜல்லி போதவில்லை. காத்தாயியின் முன்னால் ஒரு பெட்டி அளவுக்குக் கிடந்தது. மேரிக்கு மூன்று கூடை குறையும்போல் இருந்தது. அவள் கூலியை நம்பி வீட்டில் நாலு வயிறு.

காத்தாயி எழுந்தாள். தன் ஜல்லியைக் கூடையில் வாரி எடுத்துக்கொண்டு நேராக வந்து மேரியின் குவியலில் கொட்டினாள்.

"என்னக்கா பண்ற?"

"ஒத்தப் பெட்டிய வச்சிக்கிட்டு நான் என்னத்தா செய்ய? ஒனக்காவது நெறையட்டும்."

இரண்டாவது கூடையும் வந்து விழுந்தது. அங்கிட்டு ரோட்டில் ஆண்டியப்பன் திரும்பி வருவது தெரிந்தது. அந்த நசுங்கிய கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றுதான் மேரி நினைத்தாள். ஆனால் அவள் கைகள் சிதறி ஓடிய கற்களைத் தன் குவியலோடு ஒதுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தன.

"இன்னும் ஒரு கூடை, அக்கா" என்றாள்.

சொன்னது தன் வாய்தானா என்று மேரி விக்கித்துப்போனாள். காத்தாயி அதற்குள் மூன்றாவது கூடையை வாரக் குனிந்திருந்தாள்.