வலப்பக்கம்

நிலன் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது கீழே கார் ஹோர்ன் அடித்தது. நீலத் துப்பாக்கி அங்கேயும் இல்லை. அலுமாரியில் இல்லை, சப்பாத்துப் பெட்டிகளுக்குள் இல்லை. மறுபடியும் ஹோர்ன் அடித்தது.

அது சுடாது. வெறும் பிளாஸ்ரிக் வார்ப்பு. அளவும் நிறையும்தான் உண்மையானவை. அமைச்சர்களுக்குப் பக்கத்தில் சாதாரண உடுப்பில் காவலுக்கு நிற்பது அவன் மனைவி கம்சாயினியின் வேலை. இடுப்பில் ஆயுதம் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. புதுக் கைத்துப்பாக்கி தெரிவு செய்ய மூன்று மாதிரிகளை வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தெரிந்தெடுத்ததை மட்டும் வைத்திருந்தாள்.

அவளுடைய அம்மாவைப் பொறுத்தவரை அவள் பொலிஸ் கந்தோரில் கணினிக்கு முன்னால் இருப்பவள். அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். மாமியிடம் வாய் திறக்கக்கூடாதென்று நிலனிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், குரோருட் ரயில் நிலையத்துப் படிகளில் விழுந்தாள்; எழும்பவேயில்லை. தலைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடித்திருந்தது. யாரும் சுடவில்லை. யாரும் தொடவும் இல்லை.

அவன் காருக்குள் ஏறினான். மாமியின் தங்கை புஷ்பராணி காரை எடுத்தார். உதயகுமாரி மாமி பின்னால் இருந்தார். மடியில் குளியல் துவாயில் சுற்றிய ஒரு பொட்டலம்.

அவளுக்கு உடுத்தப்போகும் கல்யாணக் கூறைச் சாறியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நிலன் கேட்டான். முந்தின நாள் வந்தபோது அலுமாரியின் மேல்தட்டில் துவாயோடு சுற்றி இருந்ததாம். பட்டுக் கசங்கிவிடும் என்று பிரிக்காமல் அப்படியே எடுத்து வந்ததாகப் புஷ்பராணி சொன்னார். புருஷன் இருக்கப் போனவள், கூறையோடுதான் போகவேண்டும் என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

துப்பாக்கி இருக்கும் இடம் நிலனுக்குப் பிடிபட்டது. போன பொங்கலுக்கு முன்னர் அந்தக் கூறையைக் கட்டித்தான் அவள் மூன்று துப்பாக்கிகளையும் செருகிப் பார்த்தாள். விழாவுக்கு அமைச்சர் வருகிறார், எல்லாரும் சாறியோடு நிற்கையில் தான் மட்டும் கோட்டோடு நின்றால் சரிவராது என்றாள். மெல்லிய சாறிகள் எல்லாம் காட்டிக்கொடுத்தன. பாரமான பட்டுத்தான் மறைத்தது.

"நீளம் பிரச்சினை இல்லையடா. பிடிதான் துருத்தும்."

பெரியது அவள் குனியும்போதெல்லாம் விலா எலும்பு மாதிரி வெளியே தள்ளியது. ஆகச் சின்னதில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. அவசரத்தில் கை வழுக்கும் என்றாள். நடுவில் உள்ளதைச் செருகி, முந்தானையை இழுத்துவிட்டு, நிலத்தில் இருந்தாள், எழும்பினாள், அரிசிப் பையைத் தூக்கினாள். அவனை இரண்டடி தள்ளி நிற்கவைத்துக் கேட்டாள்.

"தெரியுதோ?"

"இடுப்புத் தெரியுது."

"மண்டையிலை போடுவன். வடிவாப் பார்."

காரின் கண்ணாடியில் மாமியின் விரல்கள் பொட்டலத்தைத் தடவிக்கொண்டிருந்தன. ஒரு இடத்தில் நின்றன. மறுபடியும் தடவின.

"மாமி, இஞ்சை தாங்கோ. நான் வைச்சிருக்கிறன்."

"வேண்டாம் தம்பி."

மகளை எரிக்கப்போகும் நாளில் மகள் சொன்ன பொய்யும் இவர் மடியில் கிடக்கவேண்டுமா? நிலன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிவப்பு விளக்குகளில் கார் நின்று நின்று போனது.

ஆஸ்பத்திரியின் நிலவறையில் உடுத்துவதற்கென்று ஒரு அறை கொடுத்தார்கள். ஆம்பிளையள் வெளியில் நிற்பதுதான் முறை என்றார் புஷ்பராணி. நிலன் கேட்காதவன் போல உள்ளே போனான். கம்சாயினி வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தாள். முகத்தில் படியில் பட்ட சிறு கீறல். அவன் அதைப் பார்க்காமல் துவாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமி தங்கையிடம் சீப்புக் கேட்டார். அது காருக்குள் இருந்தது. புஷ்பராணி போனார். கதவு சாத்திக்கொண்டது.

மாமி துவாயை விரித்தார். சிவப்புப் பட்டு மடிப்புகளுக்குள் நீல மூலை தெரிந்தது.

"மாமி, அது..."

"தெரியும் தம்பி."

அவர் அதை வெளியே எடுத்தார். பிடியைச் சரியாகப் பிடித்திருந்தார். இதற்கு முன்னரும் பிடித்த கை.

"சாறிச் சட்டை தைச்சது நானெல்லே. மூண்டையும் கொண்டந்து செருகிச் செருகிக் காட்டினவள். இதுதான் தெரியேல்லை எண்டு நான்தான் சொன்னனான்."

நிலன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"உமக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவள். நீர் வெருண்டுபோவீராம். ரெண்டு பேரும் சேர்ந்து வெருண்டால் தன்னாலை சமாளிக்கேலாதாம்." மாமி அவன் முகத்தைப் பார்த்தார். "உமக்கும் தெரியுமே?"

அவன் தலையாட்டினான்.

மாமி அவனிடம் அதை நீட்டினார். அவன் கோட்டுக்கு உள்ளே செருகினான். பிடி துருத்திக்கொண்டு நின்றது. மாமி கதிரையில் கிடந்த அவனுடைய குளிர்ச்சட்டையை எடுத்து அதற்கு மேலே போட்டு, பொத்தான்களையும் பூட்டிவிட்டார்.

புஷ்பராணி சீப்போடு வந்தார். இருவரும் சட்டையைப் போட்டார்கள். மெதுவாகத் திருப்பி, மெதுவாகக் கைகளை நுழைத்து. வலப்பக்கம் தொளதொளவென்று கிடந்தது. உள்ளே ஒரு பட்டி வைத்துத் தைத்திருந்தது. அக்கா, தையல் பிழைச்சுப்போச்சே, ஊசி குத்தட்டோ என்று புஷ்பராணி கேட்டார்.

"விடு. அது அப்பிடித்தான்."

சாறியைச் சுற்றினார்கள். முந்தானையை இடத்தோளில் போட்டதும் மாமி வலப்பக்கம் வந்து, பட்டை இழுத்து, இடுப்பில் மடிப்பாக விட்டு, கையால் ஒருமுறை நீவினார். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்றார். தலையைச் சரித்துப் பார்த்தார். நிலனைத் திரும்பிப் பார்த்தார்.

அவனும் இரண்டடி பின்னால் போய் நின்று, வடிவாகப் பார்த்தான். தெரியவில்லை என்று தலையை அசைத்தான்.