பாதி ரோட்டில் கறந்த பால்

“எந்தக் காதுல குத்தட்டுங்கக்கா, வலதா, எடதா?” என்று மூன்று வருசத்துக்கு முன்னால் மாட்டுத் தடுப்பூசி முகாமுக்கு வந்தவர் கேட்டார்.

“எதுல குத்துனா என்னங்க, வலிக்காம குத்துங்க” என்றாள் மருதாத்தாள். எந்த மாநிலத்து முகாம் என்று அவள் கேட்கவில்லை. எருத்தேன்பதியில் யாரும் கேட்பதில்லை. வீடு கேரளத்தில், காடும் மாடு கட்டும் கட்டுத்தரையும் நூறடி தள்ளித் தமிழ்நாட்டில். எந்த முகாம் முதலில் வருகிறதோ அதில் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொள்வார்கள்.

அன்றைக்கு மாட்டின் காதில் குத்திய மஞ்சள் வில்லைதான் இப்போது கழுத்தை அறுத்தது.

ஓணம் நெருங்குகிறது என்று, தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் வரும் பாலுக்கு எல்லையில் சோதனை போட்டார்கள். தினமும் கடக்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பச்சைச் சீட்டும் கொடுத்தார்கள். மருதாத்தாளுக்கு மட்டும் கிடையாது. வில்லை நம்பரைத் தட்டினால் கோயமுத்தூர் மாவட்டம் என்று வந்ததாம்; சீட்டு கேரளத்து மாடுகளுக்குத்தானாம். அவள் பால் சோதனைக்குப் போய்த் திரும்ப எட்டரை ஆகும். அவள் பால் ஊற்றும் கேரளத்துச் சொசைட்டி ஏழரைக்கே மூடிவிடும். ஆறு நாள் பால் திரிந்து சாக்கடைக்குப் போயிற்று. ஏழாம் நாளும் ஊற்றாவிட்டால் உறுப்பினர் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். பதினாறு வருசப் பெயர்.

ஏழாம் நாள் அவள் கேனைத் தூக்கவில்லை. மாட்டையே பிடித்துக்கொண்டு வந்தாள். சொசைட்டி செயலாளர் பூபதிராஜாவையும் போன் போட்டு வரவழைத்திருந்தாள்.

“சேச்சி, பசுவும் கடக்கான் பாடில்ல. சர்ட்டிபிக்கேட் வேணும்” என்று குறுக்கே கைநீட்டித் தடுத்தபடி ஓடிவந்தான் செக்போஸ்ட் ரிஜின்.

“ஆரு கடக்கறா? தலை தமிழ்நாட்டுலதான நிக்கப்போகுது, பாரு!”

தாரின் நிறம் மாறுகிற இடத்தில் மாட்டைத் திருப்பி நிறுத்தினாள். முன்னங்கால் தமிழ்நாட்டில், பின்னங்கால் கேரளத்தில். குத்தவைத்து உட்கார்ந்து கறக்கத் தொடங்கினாள்.

“பாலு மலையாளம் பேசுமாக்கா?” என்றான் வரிசையில் நின்ற ஒருவன். நாலு பேர் சிரித்தார்கள்.

“நீ வாய மூடு. இப்பத்தான் ஒரு பால் லாரிய விட்டாங்க, பச்சைச் சீட்டு ஒட்டியிருக்குதுன்னு. அது எந்த மாட்டுப் பாலுன்னு எவனாச்சும் கேட்டீங்களா? என்ற மாட்டுக்கு மட்டும் சாதகம் பாக்கறீங்க!”

வாளி நுரைத்து நிறைந்தது. அதைத் தூக்கிப் பூபதிராஜாவின் முன்னால் நீட்டினாள்.

“மடி இந்தப் பக்கம், வாளி இந்தப் பக்கம், கறந்தவளுக்கு ஓட்டு இந்தப் பக்கம். எடுத்துக்குங்க.”

பூபதிராஜா ரிஜினைப் பார்த்தார். ரிஜின் கைகளை விரித்தான். “எனிக்குப் பிரச்சனையில்ல சாரே. சொசைட்டி எடுத்தா எடுத்தோட்டே.”

“கேட்டீங்களா? கெவுருமெண்டுக்காரனே விட்டுட்டான். நீங்க பேசுங்க. உங்க கல்யாணத்துக்குக் காய்ச்சுனதே எங்க ஊட்டுப் பாலுதானுங்க. ஏனுங்க, பேசமாட்டீங்களா?”

அவர் வண்டியின் இருக்கையைத் துண்டால் தட்டினார். வாளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தார். ஏழரைக்கு மூடவேண்டிய சொசைட்டிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.