வெளியே நிற்பவரின் பெயர்

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செயற்குழுவுக்கு யார் பெயரை முன்மொழியப் போகிறார்களோ, அவர் கூட்டத்துக்குள் இருக்கக் கூடாது. எழுந்து வராந்தாவுக்குப் போய்விட வேண்டும். தன் பெருமையைத் தன் காதாலேயே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வாத்தியாருக்கு அழகில்லை என்று யாரோ ஒரு காலத்தில் சொல்லிவைத்தார்கள். சங்க விதிகளில் அது கிடையாது. ஆனால் விதிகளைப் படிக்காதவர்கள்கூட அதை மீறியதில்லை.

1958 சித்திரையில், திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாலுகா ஆசிரியர் சங்கம் கூடியது. முதலில் இரங்கல் தீர்மானம். போன ஐப்பசியில் இறந்துபோன காளியம்மாள் டீச்சருக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் புருஷன் சோலைமலையும் எழுந்து நின்றான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற கருப்புசாமிதான் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன். டிரெயினிங் பள்ளியில் தொடங்கிய சிநேகம்; உறவில்லாவிட்டாலும் காளியம்மாளைத் தங்கச்சி என்றும் இவனை மாப்ளே என்றும்தான் கூப்பிடுவான். இப்போது இருவருக்கும் ஆத்தூர்ப் பக்கம் ஒரே பள்ளியில் வேலை.

தலைவர் அப்துல் லத்தீப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அடுத்தது தேர்தல். ஒரு இடம் காலியா இருக்கு."

"போ மாப்ளே. நான் பாத்துக்கிறேன்" என்றான் கருப்புசாமி.

சோலைமலை வெளியே வந்தான்.

அவனுக்குப் பதவி ஆசை இல்லை. எந்த ஆசையும் இல்லை. மாநாட்டில் தீர்மானம் வைக்க வேண்டுமானால் செயற்குழுவில் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். காளியம்மாளும் அதே பள்ளியில்தான் வேலை பார்த்தாள். மாசமாக இருந்தவள் எட்டாம் மாதம் தொடங்கியதும் லீவு கேட்டாள். "இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்மா, ஓடியா போயிரும் லீவு?" என்றார் மானேஜர். பள்ளிக்கூடம் அவருடையது. இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்த்து வைத்து, நின்றபடியே பாடம் எடுத்தாள். கரும்பலகைக்கு முன்னால்தான் வலி கண்டது. மாட்டுவண்டி திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

பேறுகால விடுப்பை எந்த மானேஜரும் மறுக்கக் கூடாது. அந்த ஒரு வரியை மதுரை மாநாட்டில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவன் யோசித்ததில்லை. "நீ நில்லு, ஒன் பேரை நான் சொல்றேன்" என்று தைரியம் கொடுத்தவனே கருப்புசாமிதான்.

வராந்தாத் தூணில் சாய்ந்து ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ராமர். மானேஜரின் மருமகன், அவரும் வாத்தியார்தான், வகுப்புக்குப் போவது மட்டும் அபூர்வம்.

"என்ன சார், நீங்களும் காத்து வாங்க வந்தீகளா?"

"உங்க பேரைச் சொல்றாங்களா?"

"ஒருத்தர் சொல்றேன்னாரு. வேணாம்னா விடமாட்டேங்கிறாரு. அம்புட்டுப் பிரியம்." ராமர் எட்டித் துப்பினார். பக்கத்துத் தோல்கிடங்கிலிருந்து வந்த வாடையோடு வெற்றிலை வாடையும் சேர்ந்துகொண்டது.

போட்டி என்றால் போட்டி என்று சோலைமலை நினைத்துக்கொண்டான். உள்ளே பாதிப் பேருக்கு மேல் காளியம்மாளைத் தெரியும்.

ஜன்னல் வழியாகக் கருப்புசாமியின் குரல் வந்தது.

"தலைவர் அவர்களே, நம்ம சோலைமலை பேரைச் சொல்லணும்னுதான் வந்தேன். ஆனா மனசு கேக்கல. தங்கச்சி போனதுலேர்ந்து கூடவே இருந்து பாக்குறேன். சோத்தை வச்சாத் திங்கிறான், வைக்காட்டி கேக்குறதில்ல. அவன் தலையில இந்தப் பாரத்தையும் ஏத்துனா நம்ம சங்கத்துக்குத்தான் பாவம். அவன் செத்த ஓய்ஞ்சு இருக்கட்டும். ராமர் சார் பேரை முன்மொழிகிறேன்."

உள்ளே பலர் உச்சுக்கொட்டினார்கள்.

"ஏன், அவரு வெளியதான நிக்கிறாரு? கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" இது காதர் பீவி டீச்சர்.

"அவரைக் கூப்பிட்டுக் கேக்கிறது முறையில்லம்மா" என்றார் தலைவர். "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

யாரோ வழிமொழிந்தார்கள். கைதட்டல் எழுந்தது.

சோலைமலை உள்ளே போனான். "நான் நிக்கிறேன்" என்றான். "எனக்கு ஓய்வு வேணாம். நான் நிக்கிறேன்."

கைதட்டல் ஓய்ந்தது. யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னொருவர் பானையிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். "பாவம், அவரை உக்கார வைங்கப்பா" என்று பின்வரிசையில் ஒரு குரல். சத்தம் போட்டாலும் துக்கம், போடாவிட்டாலும் துக்கம். அவன் என்ன பேசினாலும் கருப்புசாமி சொன்னதற்கு அதுவே சாட்சியாகிவிடும் என்று அவனுக்குப் புரிந்தது.

"ஏகமனதா முடிஞ்சிருச்சு தம்பி" என்றார் தலைவர், மெதுவாக.

"அந்தத் தீர்மானம்?"

மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டிருந்த ராமர் திரும்பினார். "அதுக்கென்ன சார். மாமாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வச்சிருவோம்."

தண்ணீர்ச் செம்பைத் தொடாமல் சோலைமலை வெளியேறினான். வேப்பமரத்தடியில் கருப்புசாமி ஓடிவந்து மறித்தான்.

"என்னையத் திட்டு. அடிக்கக்கூடச் செய். ஹெட்மாஸ்டர் வேலை எனக்குத்தான்னு மானேஜர் சொல்லிட்டாரு. வீட்டுல நாலு பொட்டப்பிள்ளைக, மாப்ளே."

"எப்பச் சொன்னாரு?"

"போன வாரம்."

"இரங்கல் தீர்மானம் வைக்கணும்னு தலைவர்கிட்ட எப்பப் போய்ச் சொன்ன?"

கருப்புசாமி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அதுவும் போன வாரம்தான் என்று சோலைமலைக்குப் புரிந்தது. காளியம்மாளுக்காக எல்லோரும் எழுந்து நின்று, மனசு இளகி உட்கார்ந்த சூட்டிலேயே அவன் பேச்சு எடுபட்டது. சோலைமலையும் எழுந்து நின்றான். எழுந்து நின்றபோது, இவன் மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றுகூட நினைத்தான்.

"தங்கச்சி இருந்திருந்தா ஒன்னைய இந்த வம்புக்கெல்லாம் விட்டிருக்காது. நெசமாச் சொல்றேன், மாப்ளே..."

"அவ ஒனக்குத் தங்கச்சி இல்ல" என்றான் சோலைமலை. குரலை உயர்த்தவில்லை. "நான் ஒனக்கு மாப்ளையும் இல்ல. இனிமே அவ பேச்சை எங்கயும் எடுக்காத. ஒனக்கு வேண்டியதை அவ கொடுத்துட்டா."