தோளில் ஏறாத வைரம்

வொன்சொக்கின் அப்பா ஹ்வாச்சன் என்ற எல்லைப் பகுதியில் ஆயுசில் பாதியை ராணுவச் சார்ஜென்டாகவே கழித்தவர். கல்லூரி முடித்த கையோடு தோளில் ஒற்றை வைரச் சின்னம் குத்திக்கொண்டு வந்து இறங்கும் இளம் லெப்டினன்ட்டுகளுக்குத் துப்பாக்கி பிடிப்பதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுப்பார். சொல்லிக்கொடுத்த கையாலேயே அவர்களுக்கு சல்யூட்டும் அடிப்பார்.

வொன்ஜு நகரக் கல்லூரியில் மகன் அதிகாரிப் பயிற்சிப் பிரிவுக்குத் தேர்வானபோது முகாமில் இருந்த சார்ஜென்டுகள் அத்தனை பேருக்கும் அவர் செலவில்தான் பன்றி வறுவலும் சோஜு சாராயமும்.

பயிற்சியில் வொன்சொக் சோடை போகவில்லை. பாடம் ஒரு பக்கம், அணிவகுப்பு ஒரு பக்கம், விடுமுறை வந்தால் கோசான் பயிற்சி முகாம் என்று ஓடினான். அறைத்தோழன் குன்மோவும் கூடவே ஓடினான். அப்பா அம்மா இல்லாத பையன். மொக்போவில் மீன் கடை வைத்திருந்த அக்காதான் வளர்த்து ஆளாக்கியவள்.

கடைசி வருஷம் தொடங்கியதும் வொன்சொக்கின் மனசு ஆட ஆரம்பித்தது. சாதாரண சிப்பாயாகப் போன வகுப்புப் பையன்கள் ஒன்றரை வருஷத்தில் கட்டாய ராணுவ சேவையை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அதிகாரியானால் பட்டம் வாங்கிய பிறகு இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல். பாங்யோவில் விளையாட்டுச் செயலி எழுதும் வேலைதான் அவன் கனவு. பிரிவிலிருந்து விலகிச் சிப்பாயாகப் போய்விட முடிவு செய்தான்.

"போடா, போ. நாளைக்கு எனக்கே சல்யூட் அடிக்கப் போற, பாத்துக்க" என்று குன்மோ சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

ஹ்வாச்சன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த சூப்புக் கடையில் வைத்துத்தான் அப்பாவிடம் சொன்னான். அவர் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"கூடப் போற அந்த ஒரு வருஷம் உனக்கு அவ்வளவு பெருசா போச்சா?"

"பெருசுதாம்பா. அதுக்குள்ள பசங்கல்லாம் எங்கயோ போயிடுவாங்க."

"சரி. சாப்பிடு, ஆறுது."

நறுக்கிய துண்டுகளை அவன் பக்கம் தள்ளி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

வொன்சொக் சிப்பாயாகப் பாஜு முகாமில் இருந்தபோது, குளிர் விடும் நேரத்தில், குன்மோ போன் செய்தான்.

"அக்காவுக்குப் பிரசவம்டா, வர முடியாது. பதவியேற்புல வீட்டாளுங்கதான் வைரம் குத்தணும், எனக்கு ஆளில்ல. உங்கப்பாவ கூப்பிடட்டுமா? உனக்குக் கஷ்டம்னா வேணாம்."

"கூப்பிடு. சந்தோஷப்படுவாரு" என்றான் வொன்சொக்.

விடுப்பு வாங்கிக்கொண்டு அவனும் கோசானுக்குப் போனான். பார்வையாளர் வரிசையில் அம்மா அப்பாக்களுக்கு நடுவே சிப்பாய் உடுப்பில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அப்பாவின் சீருடையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அவர் குன்மோவின் தோளில் சின்னத்தைப் பொருத்தினார். பொருத்திவிட்டு ஓரடி பின்வாங்கி, விறைத்து நின்று சல்யூட் அடித்தார். பதில் சல்யூட் அடித்த குன்மோ அழுதுவிட்டான்.

குன்மோ நின்ற அந்த இடம் தனக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பது வொன்சொக்குக்கு அப்போதுதான் நெஞ்சில் இறங்கியது.

நிகழ்ச்சி முடிந்து இருவரும் அவனை நோக்கி வந்தார்கள். வொன்சொக்கின் கை தானாக நெற்றிக்கு உயர்ந்தது.

"டேய், கைய எறக்குடா, கூச்சமா இருக்கு" என்றான் குன்மோ.

"அடிக்கட்டும். அதிகாரிக்கு அடிச்சுத்தான் ஆகணும்" என்றார் அப்பா. குரலில் கோபமில்லை. அதுதான் சுட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவன் மெதுவாகக் கேட்டான்: "இன்னும் வருத்தமாப்பா?"

"இல்லாம இருக்குமா? ஆனா இத்தனை வருஷம் சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டவன் நான். பெத்த புள்ளைக்கும் போட வேணாம்னு விட்டுட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு தடவ போட்டிருக்கலாமோன்னு தோணுது."

பாங்யோவில் அவனுக்கு நினைத்த வேலையே கிடைத்தது. நல்ல வேலைதான். குன்மோ ராணுவத்திலேயே தங்கிவிட்டான், இப்போது கேப்டன். சுசொக் அறுவடைப் பண்டிகைக்கு வொன்சொக் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குன்மோவிடமிருந்து அப்பாவுக்குப் போன் வரும். புதுப் பையன்கள் எப்படி, குளிர் ஆரம்பித்துவிட்டதா என்று அவர் கூடத்தில் சத்தமாகப் பேசுவார். தன்னிடம் அவர் அப்படிப் பேசி எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்தபடி, வொன்சொக் சமையலறையில் நின்று பேரிக்காய்த் தோல் சீவிக்கொண்டிருப்பான்.