பாதிப் பின்னல்

ஈரத்துணியால் அம்மாவின் கையைத் துடைத்துக்கொண்டே வந்த சித்தி, மணிக்கட்டில் நிறுத்தினாள். தலைமுடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் பேண்ட் ஒன்று அங்கே சதையில் அழுந்திக் கிடந்தது.

"என்ன கருமம்டி இது, கையில போய் மாட்டியிருக்கா?" சித்தி நகத்தை விட்டு நெம்பினாள்.

"விடு சித்தி, நானே எடுக்கறேன்."

மகள் எடுக்கவில்லை. அது அம்மாவுடையது இல்லை. அம்மா எப்போதும் கொண்டைதான் போடுவாள். அது அந்த டீச்சருடையது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாத கணக்கு டீச்சர். அவளுக்கு மகள் வைத்த பட்டப்பெயர், மகாராணி. ஒன்பது வருஷமாக அம்மா அவளுக்குச் சோறூட்டினாள், குளிப்பாட்டினாள், புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள், தலை பின்னினாள்.

"ஆயா வேலைன்னு சொல்லாதடி. பர்சனல் அசிஸ்டெண்ட். மந்திரிக்கெல்லாம் இருப்பாங்கல்ல, அது மாதிரி" என்பாள் அம்மா.

"மந்திரிக்கு மூக்கு சிந்தி விடுவாங்களாம்மா?"

"யாரு கண்டா?"

அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். கேட்காமல் தொடக்கூடாது. தூக்கட்டுமா, திருப்பட்டுமா, துடைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கை காத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பரீட்சைக்குப் படித்தபடியே தூங்கிப்போன மகளிடம், "போர்வையைப் போத்தி விடட்டுமா?" என்று நிற்பாள். "எழுப்பிக் கேக்கறதுக்குப் போத்தாமலே இருக்கலாம்" என்று இவள் எரிந்து விழுவாள். இந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவள். அம்மா யாருக்கோ கையாகவும் காலாகவும் இருந்துதான் அந்தப் பட்டம் வந்தது.

நேற்று வேலைக்குப் போன அம்மா, டீச்சர் வீட்டுத் தெருமுனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. மகாராணியிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. ராத்திரி முழுக்க இவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வரட்டும், கேட்கிறேன்.

வாசலில் சத்தம். "யாரும் தொடாதீங்க!"

எட்டிப் பார்த்தாள். படிக்கட்டுக்குக் கீழே சக்கர நாற்காலி. தூக்க ஓடிவந்த ஆண்கள் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். வேன் டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"சாவு வீட்டுக்கு வந்தும் அதிகாரம் போகுதா பாரு" என்றாள் சித்தி. "தலையைக்கூட வாராம வந்திருக்கு."

இவள் இறங்கிப் போய் எதிரே நின்றாள். அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். சித்தி, சித்தப்பா, தெரு, எல்லாரும் இவள் பக்கம்தான் நிற்பார்கள்.

"அம்மா நெஞ்சு வலிக்குதுன்னு உங்ககிட்டச் சொன்னாங்களா?"

"சொன்னா." டீச்சர் கண்ணை விலக்கவில்லை. "உடனே கிளம்புன்னேன். பின்னலை முடிச்சுட்டுப் போறேன்னா. கையை எடுடின்னு கத்துனேன். எடுத்துட்டா."

"ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் பண்ணத் தோணலையா?"

"தோணுச்சு. நீயே போடுடின்னேன். ஆட்டோவுல போயிக்கறேன் டீச்சர், எதுக்கு ஊரைக் கூட்டணும்னா. கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. போன் மேஜை மேல இருந்துச்சு."

டீச்சரின் கைகள் மடியில் கிடந்தன, யாரோ வைத்துவிட்டுப் போன மாதிரி.

"சாயங்காலம் டியூஷன் பிள்ளைங்க வந்துதான் கதவைத் திறந்தாங்க. அதுவரைக்கும் போனைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. போன்ல உன்கிட்ட என்னன்னு சொல்றது? அதான் நேர்ல வந்தேன்."

இவள் டீச்சரின் தோளைப் பார்த்தாள். பின்னல் பாதியில் நின்றிருந்தது. கீழ்ப்பாதி பிரிந்து தொங்கியது.

"எதிர் வீட்டம்மா பின்னி விடறேன்னாங்க. வேணாம்னுட்டேன்."

தெருவே வேடிக்கை பார்த்தது. இவள் நாற்காலியின் பின்பக்கம் போனாள்.

"எங்க பிடிக்கணும்?"

"முதல்ல என்னைத் திருப்பு. பின்சக்கரம் படியைப் பாத்து வரணும். நீ கைப்பிடியைப் பிடிச்சுக்கோ. முன்னாடி கம்பியை ரெண்டு பேர். ம், சாய்ச்சு இழு. மெதுவா. நான் ஒண்ணும் அரிசி மூட்டை இல்ல."

முன்னால் பிடித்திருந்த சித்தப்பா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தை இறுக்கிக்கொண்டார்.

உள்ளே கட்டிலருகே நாற்காலியை நிறுத்தினாள். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது. சித்தி எழுந்து இடம் விட்டாள்.

"டீச்சர்."

"ம்."

"முடிச்சு விடட்டுமா?"

பதில் வரவில்லை. முடிமேல் கையை வைக்காமல் இவள் காத்து நின்றாள். இப்படி நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அம்மா சொன்னதே இல்லை.

"அவ பின்னுனதைப் பிரிச்சுடாத" என்றாள் டீச்சர் கடைசியில். "அதுக்குக் கீழேருந்து ஆரம்பி. இறுக்காத."

பின்னினாள். மேலே அம்மா பின்னியது ஒரே சீராக இறங்கி வந்தது. கீழே இவளுடையது கோணிக்கொண்டு போனது.

"கோணுதா?"

"கோணுது டீச்சர்."

"பரவால்ல. அவளும் முதல் வருஷம் அப்படித்தான்."

நுனி வந்தது. கட்ட ஏதாவது வேண்டும். நுனியை டீச்சரின் தோள்மேல் போட்டுவிட்டுக் கட்டிலருகே மண்டியிட்டாள். அம்மாவின் கை சில்லென்றிருந்தது.

"எடுத்துக்கட்டுமாம்மா?"

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு ரப்பர் பேண்டை மெல்லச் சுருட்டி, விரல்களைத் தாண்டி எடுத்தாள். எழுந்துபோய்ப் பின்னலின் நுனியில் மூன்று சுற்றுச் சுற்றினாள்.

சித்தி மறுபடி ஈரத்துணியோடு வந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.