பிரேக்கு குடித்த டீ

தேசப்பனின் பஸ் டீசலில் ஓடுவதாக முதலாளி நம்பிக்கொண்டிருந்தார். அது ஓடியது சர்க்கரையில். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் தனியார் வண்டி. எழுபத்து நான்காம் வருஷம். டிரைவர் எந்தக் கடை முன்னால் நிறுத்துகிறாரோ அங்கேதான் பயணிகள் காசு இறங்கும். அதனால் டிரைவருக்கு டீ இலவசம், சர்க்கரை தாராளம். திருக்கழுக்குன்றத்தில் வரலட்சுமி போடும் டிரைவர் டீயில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். டம்ளரைக் கவிழ்த்தால், விழலாமா வேண்டாமா என்று டீ கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் விழும். ஒரு நாளைக்கு அப்படிப் பதினாறு.

கடைசியில் தேசப்பன் புளியமரத்துக்குப் புளியமரம் வண்டியை நிறுத்தி, ஒன்றுக்குப் போக இறங்கி ஓட ஆரம்பித்தார். அவசரக்காரர்கள் நடந்தே மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவருடைய சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறம் வந்தது.

"சர்க்கரை வியாதி. இப்படியே போனா கண்ணு மங்கும். ஒரு மாசம் இனிப்பை விட்டுட்டு வா. நிறம் இறங்கலேன்னா வண்டி ஓட்டச் சீட்டு எழுத மாட்டேன்."

இருபத்திரண்டு வருஷமாக ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர். தூக்கத்தில்கூட இடது கால் கிளட்ச் மிதிக்கும்.

"வுட்டுட்டேன் ஐயா," என்றார். "இன்னியோட வுட்டுட்டேன்."

மூன்று நாள் தலைவலி. வழியில் நின்ற எருமையோடு ஹாரனாலேயே சண்டை போட்டார். நான்காம் நாள், வரலட்சுமி கடை முன்னால் அவர் கையில் ஒரு காலி டம்ளர் இருந்தது.

"யார்ரா குடிச்சது?"

"நீதான் அண்ணாத்த," என்றான் கண்டக்டர் மூர்த்தி. மூங்கில் குச்சிக்குச் சட்டை மாட்டியதுபோல இருப்பான். "ஹேண்ட்பிரேக்க போட்ட. கைய வெளிய நீட்ன. வரலட்சுமி குடுத்துச்சு, நீ ஊத்திக்கின."

தேசப்பனுக்குக் குடித்த நினைவே இல்லை. பிரேக்கை விடுவித்தார், நாக்கு சும்மா இருந்தது. இழுத்தார், எச்சில் ஊறியது. ஏழு தடவை இழுத்துப் பார்த்தார். வண்டி பழுது என்று பயணிகள் மூட்டையோடு இறங்கத் தொடங்கினார்கள்.

"டேய், நாக்கு கேக்கலடா! பிரேக்குதான் கேக்குது!"

அன்றிலிருந்து பிரேக்கை இழுத்த கை நேரே துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்கும். ஆசை அடங்கும்வரை துடைக்கும். அதில் உட்கார்ந்த ஈ வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டது. ஆசை அடங்கிய பிறகு, சர்க்கரை இல்லாத டீ.

"சக்கர போடாம குடுத்தா, வரலட்சுமி கஞ்சம்னு ஊரே காறித் துப்பும்," என்று அவள் மல்லுக்கு நின்றாள்.

"அப்ப எதிர்க்கடையில நிறுத்திக்கறேன்."

சர்க்கரை இல்லாமலே போட்டாள், சாவு வீட்டுக்குக் கொடுப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தாள்.

வீட்டில் மனைவி சம்பூர்ணம் நீல மருந்தும் குழாயும் வாங்கி வைத்து வாரா வாரம் காய்ச்சினாள். செங்கல் ஆரஞ்சானது. ஆரஞ்சு மஞ்சளானது. மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதும் மஞ்சளாகவே நின்றது.

"இன்னாத்துக்கு பேஜாரு?" என்றான் மூர்த்தி. "என்னுத ஒரு பாட்டில் தரேன், எடுத்துகினு போ. நான் ஊசி மாரி கீறேன். எனக்கேது சக்கர?"

தேசப்பன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறைப்பானேன், பாட்டிலை வாங்கிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோனதும் சம்பூர்ணம் யாருடையது என்று கேட்டுப் பிடுங்கிக் காய்ச்சினாள்.

"இன்னா மாமா இது! உன்னுது செங்கல்லுன்னா இது சூளையாச்சே!"

தேசப்பனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் குச்சி உடம்பும், எப்போதும் காலியாகக் கிடக்கும் அவன் தண்ணீர்ச் செம்பும் ஞாபகம் வர, சிரிப்பு நின்றது. பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

குறித்த நாளில் சொந்தச் சரக்கோடு போனார். மூர்த்தியையும், முதலாளி கூப்பிடுகிறார் என்று கதைவிட்டு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் காய்ச்சினார். மஞ்சள் வந்து, மினுங்கி, மெல்லப் பச்சையில் நின்றது.

"நீலம் வரணும். ஆனா இறங்கியிருக்கு. ஓட்டு, அடுத்த மாசம் வா." சீட்டை எழுதிக் கொடுத்தார். தேசப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "வெளியில வேற யாராவது இருக்காங்களா?"

"எங்க கண்டக்டர் கீறான் ஐயா. உஷாரா கூப்புடுங்க, விஷயம் தெரிஞ்சா ஓடிப்பூடுவான். நான் வாசல்ல நிக்கறேன்."